விபூதிப் பொட்டலம்

மாமாவின் கருமாதிக்கு அஞ்சலித் தாள் அடிக்கவேண்டும், நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மருமகன் தமிழ் வாத்தியாராக இருக்கும்போது வேறு யாரிடம் போய் நிற்பது என்பது அவர்கள் கணக்கு. கையோடு ஒரு மாதிரியும் கொண்டுவந்திருந்தார்கள், இரண்டு வருடத்துக்கு முன் இறந்த ஒரு கணக்கப்பிள்ளைக்கு அடித்தது. படத்துக்குக் கீழே 'இறைபக்தர், குடும்பப் பற்றாளர், சமூகத் தொண்டர்' என்று போட்டிருந்தது. "இதையே போட்டாலும் போதும் சேர். ஐயாவுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரியே இருக்கு" என்றார் ஒருவர். பொய்யான சொற்கள் இல்லைதான். ஆனாலும் எனக்குப் பேனா ஓடவில்லை. அந்த மூன்றுக்கும் இடையில் கிடந்த இரண்டு காற்புள்ளிகள்தான் உறுத்திக்கொண்டே இருந்தன. என்னவோ மேசையில் மூன்று லாச்சி இருந்து, மாமா ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தவர் மாதிரி. மூன்றும் ஒரே நாளில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மோதவிட்டதே நான்தான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், 1951இல் பிறந்தவர். லயத்து ஆட்கள் வங்கிப் படியேறவே கூசிய காலத்தில், 1973இல் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். படிப்பு அதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு தாள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்து என்ன செய்தது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்கு அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, வருடக்கணக்காக அலைந்து பதிவுப் பிரஜை ஆனவர்களில் தாத்தாவும் ஒருவர். நேர்முகப் பரீட்சையில் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வியே 'வம்சாவளியா, பதிவா?' என்பதுதானாம். அந்தப் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் மாட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாமி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். வெகுநாள் வரை நான் அதை ஏதோ யந்திரத் தகடு என்றே நினைத்திருந்தேன்.

ஹட்டன் பெயரில் 1888இலேயே ஒரு வங்கி தொடங்கியது, தோட்டத் துரைமாரின் வசதிக்காக. மாமா வேலை பார்த்தது அதில் இல்லை. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ஆனால் 'துரைமாருக்குப் பேங்கு, நமக்கு அடகுக் கடை' என்று லயங்களில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பேச்சு அங்கேதான் முளைத்தது என்று மாமா சொல்வார். அவருக்குக் கிடைத்த முதல் இருக்கையும் அடகுக் கவுண்டர்தான்.

அவர் வேலை பழகிய வருடங்கள், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள். 1964இல் தாள்மேல் 5,25,000 பேர் என்று எழுதியது, எழுபதுகளில் குடும்பம் குடும்பமாக ஹட்டன் ஸ்டேஷனில் வந்து நின்றது. இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். கோச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அடகுச் சீட்டோடு ஓடிவருவார்களாம். சேமலாப நிதிக் காசு இன்னும் வந்திருக்காது. மீட்கக் கையில் பணம் இருக்காது. நகையை விட்டுவிட்டுக் கப்பலேறினவர்கள் உண்டு. ஒரு பெண் கவுண்டர் கம்பிக்குள் கையை விட்டு, "ஒருதரம் தொட்டுப் பாத்துக்கிறேன் தம்பி" என்று கேட்டாராம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. மாமா உறையைப் பிரித்துத் தொடக் கொடுத்தார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தேதி

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காது. லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதமெல்லாம் ஒரே பையில் தோட்ட ஆபிசுக்குப் போகும். கிளாக்கருக்கு மனசிருந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கையில் வரும், இல்லாவிட்டால் ஆபிஸ் ராக்கையில் தூசி பிடிக்கும். வங்கியிலிருந்து போகும் அடகு அறிவித்தலும் இப்படித்தான். வருடத் தவணை முடிந்தால் முதலில் ஒரு கடிதம், பிறகு பதிவுத் தபால், பிறகு பத்திரிகையில் விளம்பரம், கடைசியில் ஏலம். ஆபிசிலிருந்து தப்பி லயத்துக்கு வந்து சேர்ந்தாலும் கடிதம் சிங்களத்தில் இருக்கும், அல்லது இங்கிலீசில். 1987இல் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, சட்டத்தில்.

பெயர்ச் சிக்கல் வேறு. பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமய்யி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ராமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வரவேண்டும். அதற்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். மாமா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சமாதான நீதவானைக் கோயில் மண்டபத்துக்கே அழைத்து வந்து பாய் விரித்து உட்காரவைப்பார். தோட்டத்து ஆம்பிளைகளுக்கு மாமாவைப் பிடிக்காமல் போன கதையும் உண்டு. பொண்டாட்டியின் சம்பளத்தைப் புருசன் கைநீட்டி வாங்கிப்போவது வழக்கமாயிருந்த காலம் அது. நகை பொம்பளையுடையது என்றால் சீட்டு அவள் பெயரில்தான், மீட்க அவளே வரவேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்பார். சம்பளத்தன்று இரவு சாராயம் உள்ளே போனதும் மாமாவுக்கு என்னென்ன பெயர் கிடைக்கும் என்பது லயத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

டவுனில் குவாட்டர்ஸ் கிடைத்துப் போன பிறகும் பிறந்த தோட்டத்துக் கோயில் பொருளாளர் பதவியை அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வருவார். பூசை முடிந்ததும் பூசாரி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய கலண்டர் தாளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து விபூதி மடிப்பார். வந்தவர்களுக்குக் கையில் கொடுப்பார். வராதவர்களுக்குப் போகவேண்டியதை லயத்துப் பையன்களிடம் கொடுத்துவிடுவார், அதில் அதிகமும் என்னிடம். சில பொட்டலங்களில் உள்பக்கம் பென்சிலால் '14/8' என்றோ '2/11' என்றோ ஓர் எண் இருக்கும். பூசைத் தேதி போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தொகை இருக்காது, பெயர் இருக்காது, வங்கி என்ற சொல்லும் இருக்காது. அடகு வைத்தது ஊருக்குத் தெரிந்தால் அவமானம். வங்கி ரகசியத்தை வெளியே விட்டால் மாமாவின் வேலை போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைக்கும் எண் தெரியும், தினம் கொழுந்து நிறுக்கும்போது பார்க்கிற எண்தானே. நெற்றியில் இட்டுக்கொள்ளப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தவணைத் தேதி கண்ணில் படும். வேறு யார் பார்த்தாலும் அது வெறும் துன்னூறு மடித்த தாள்.

வங்கியின் விதிப் புத்தகத்தில் இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். சாமி பெயரில் வங்கி வேலை பார்ப்பது கோயிலுக்குச் சரியா என்றும் தெரியவில்லை. அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

1996 பங்குனி

அந்த வெள்ளிக்கிழமை மார்ச் 15. தேதி எப்படி மறக்கும், ஞாயிற்றுக்கிழமை லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா என் கையில் மேல் டிவிசன் பாட்டிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். பாட்டி என்று இப்போது சொல்கிறேன்; அப்போது அவருக்கு ஐம்பதுதான் இருக்கும், கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். மேல் டிவிசனுக்கு ஏறி இறங்க முக்கால் மணித்தியாலம். மழை தூறியது. நாளைக்குப் போகலாம் என்று களிசான் பையில் போட்டேன். சனிக்கிழமை முழுக்க ஒரே பேச்சு அரவிந்த டி சில்வா. ஞாயிறு பின்னேரம் டவுனில் ஒரு கடைவாசலில் நூறு பேரோடு எம்பி எம்பி டிவி பார்த்தேன். ஏழு விக்கெட்டால் வென்றபோது யாரோ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். திங்கட்கிழமை அம்மா லயத்துத் தண்ணீர்ப் பீலியில் களிசானைத் தோய்த்தார். பையிலிருந்து வந்ததைக் காட்டி, "என்னாடா இது, களி மாதிரி?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஏப்ரலில் மாமாவுக்குப் பதுளைக் கிளைக்கு மாற்றம் வந்தது. பழைய கிளையின் ஏலப் பட்டியல் அவர் கண்ணில் படவில்லை. ஜூலையில் அந்த அம்மா சீட்டுக் கட்டி எடுத்த காசோடு நகையை மீட்க வங்கிக்குப் போயிருக்கிறார். இரண்டு பவுன் அட்டியல், மகள் கல்யாணத்துக்கென்று அவருடைய அம்மா விட்டுப் போனது. ஏலத்தில் போய் ஒரு மாதமாகிவிட்டது என்று கவுண்டரில் சொன்னார்கள். சிங்களத்தில் சொன்னதால், பக்கத்தில் நின்ற யாரோ தமிழில் சொல்லிப் புரியவைக்கவேண்டியிருந்தது.

மாமா அந்த வெள்ளிக்கிழமை வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பங்குனியில மேல் டிவிசனுக்கு ஒரு பொட்டலம் குடுத்தேனே, கொண்டுபோய்க் குடுத்தியா?" என்றார். குரலில் கோபமில்லை, கணக்குச் சரிபார்க்கிற குரல். "குடுத்தேன் மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் பொட்டலம் ஞாபகத்துக்கே வந்தது, ஈரக் களியாக. அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "சரி, வா" என்று குடையை எடுத்தார்.

மேல் டிவிசன் ஏறும்வரை ஒரு பேச்சும் இல்லை. நான் பின்னால் நடந்தேன். சப்பாத்தில் அட்டை ஏறுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், குந்தியிருந்தார்; எழவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. மாமா நின்றபடியே பேசினார். "உங்களுக்கு ஒரு தேதி சொல்லி அனுப்பியிருக்கணும். நான் மறந்திட்டேன். பிழை என்னோடது." என் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது சொன்னால் சொன்னதுதான், இல்லாவிட்டால் எப்போதுமே முடியாது என்று பன்னிரண்டு வயதிலும் எனக்குத் தெரிந்தது. இஸ்தோப்புத் தூணில் சுண்ணாம்பு பெயர்ந்து இலங்கைப் படம் போல ஒரு திட்டு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார்: "ஊரு முழுக்கத் தேதி சொன்னீங்க. எனக்கு மட்டும் மறந்திரிச்சி." பிறகு, "இனி ஒங்க கையால துன்னூறு வாங்கமாட்டேன்." சொன்னபடியே கடைசிவரை வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தவர், கோயில் காசில் ஒரு சதம் பிசகாதவர், தன் தங்கச்சி மகனுக்காக முழுப் பொய் சொன்னார். அதுவும் யாருக்கு உண்மை கடன்பட்டிருந்ததோ அந்த ஆளிடமே. பெரிய மனசு என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வாய் வரவில்லை. சில வருடம் அவர்மேல் கோபமாகவே இருந்தேன். ஒரு அறை விட்டு, சொல்லடா என்று முன்னால் தள்ளியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னைக் கோழையாக்கிவிட்டார் என்று தோன்றும். இத்தனைக்கும் குடும்பத்துக்காக வளைகிற ஆளும் இல்லை அவர். நுவரெலியா மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்ற ஒரு லொறி வாங்க அப்பா கடன் கேட்டபோது, "மச்சான், ஒங்க வருமானத்துக்கு இது தாங்காது" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிணையாளியாக நிற்கவும் மறுத்தார். அப்பா நான்கு தீபாவளிக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணனுக்கும் புருசனுக்கும் இடையில் பலகாரத் தட்டோடு ஒளிந்து ஒளிந்து போய்வந்தது அம்மாதான்.

உண்டியல்

ஏலத்தில் போன விலை, கடனையும் வட்டியையும் விட அதிகமென்றால், மிச்சம் நகைக்காரருக்குச் சேரவேண்டியது. இது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. கேட்டு வாங்காவிட்டால் யாரும் வீடு தேடி வந்து தரப்போவதில்லை. மாமா படிவம் நிரப்பி, இன்னொரு ஆள் மூலம் அந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கி, பழைய கிளையில் அலைந்து அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கவைத்தார். 2,000 ரூபாயும் சில்லறையும். 1996இல் அது சின்னக் காசில்லை.

ஆடித் திருவிழாவில் தேர் லயம் லயமாகப் போய்த் திரும்பிய மறுநாள் உண்டியல் திறப்பார்கள். சில்லறை பிரிப்பது பையன்கள் வேலை, தாள் எண்ணுவது மாமா. சுருட்டியது, மடித்தது, மஞ்சள் துணியில் முடிந்தது என்று எல்லாம் அழுக்குத் தாள்கள். அதற்கு நடுவில் இருபது நூறு ரூபாய்த் தாள், மொடமொடவென்று புதுசு. மாமா விரலில் தண்ணீர் தொட்டு எண்ண ஆரம்பித்தவர் நாலாவது தாளில் நின்றார். இலக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. வங்கிக் கட்டிலிருந்து அப்படியே வந்த தாள் என்று அவருக்குச் சொல்லவா வேண்டும். யார் கையிலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. விரித்து வைத்த தாள்களை ஒருதரம் தட்டிச் சமப்படுத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கணக்குப் புத்தகத்தில் 'உண்டியல் வரவு' என்று எழுதி, மொத்தத்தோடு மொத்தமாக அதையும் கூட்டினார். நான் ஐந்து ரூபாய்க் குத்திகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்து என்று நினைத்து பதினொன்று அடுக்கிவிட்டேன். "திரும்ப எண்ணு" என்றார். அன்று என்னிடம் சொன்ன ஒரே சொல் அதுதான்.

அதற்குப் பிறகு என் கையில் ஒரு பொட்டலமும் தரவில்லை. யார் கையிலும் தரவில்லை. வராத ஆட்களுக்கு அவரே நடந்துபோய்க் கொடுத்தார். முகாமையாளரான பிறகும், 2011இல் ஓய்வு பெற்ற பிறகும், முழங்கால் வலியோடும். 2022இல் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டி, இருந்த குண்டுமணித் தங்கமும் வங்கிக்குப் போன நாட்களில், சீட்டுக் கட்டோடு மாமா வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். எதை மீட்பது, எதை வட்டி கட்டித் திருப்பி வைப்பது, எதைக் கை கழுவுவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. மாமி உள்ளேயிருந்து, "சொந்த மகன் கொழும்பிலயிருந்து கோல் எடுத்தா ரெண்டு நிமிஷம், இவங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்" என்று பாத்திரத்தோடு பேசுவார். 'குடும்பப் பற்றாளர்' என்று படத்துக்குக் கீழே போட்டால் மாமி அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்பதும் எனக்கு ஒரு கேள்வி.

நான் பெயரையும், வருடங்களையும், 'ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்' என்பதையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது அந்த மூன்று சொல்லும் காற்புள்ளியோடு சேர்ந்திருந்தன. கமிட்டிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வெறும் தாளாக இருந்தால் ஆட்கள் அவர்களைத்தான் கேட்பார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் மேல் டிவிசனுக்குப் போனேன். லயம் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய தனி வீடுகள், ஏழு பேர்ச் காணியோடு. பாட்டிக்கு எண்பது ஆகிறது. காது மந்தம். மருமகள் சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றார். மாமா இறந்தது பாட்டிக்குத் தெரிந்திருந்தது. "நல்ல மனுசன்தான், மறதி" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. சத்தமாக, இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. "அவர் மறக்கல பாட்டி. எங்கிட்டதான் குடுத்தாரு. நான்தான் கொண்டாந்து குடுக்கல."

வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நகையைப் பற்றிக் கேட்பார், இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அதுல துன்னூறு இருந்திச்சா?"

"இருந்திச்சி பாட்டி."

"அத என்னா செஞ்ச?"

இருபத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை. "களிசான் பையில இருந்திச்சி. அம்மா பீலிக்கரையில தொவச்சிட்டாங்க."

பாட்டி கொஞ்ச நேரம் கீழே, பழைய பீலி இருந்த பக்கமாகப் பார்த்தார். "அப்ப கீழ் டிவிசனுக்குத்தான் போயிருக்கும்" என்றார்.